நெடுங்காட்டுக்கு நாற்பத்தொன்பது மணி நேரம்

தியாகராசன் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே காதர் பாட்சாவுக்குக் கை பரபரத்தது. காரைக்கால் தருமபுரத்தில் ரேடியோவும் கால்குலேட்டரும் பழுதுபார்க்கும் அவருக்கு, ஆறு மாதமாக உருப்படியான மர்மம் எதுவும் வாய்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் சௌந்தரவல்லி நிதானமாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துபவர். தலையில் இடி விழுந்தாலும் காபியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

விஷயம் இதுதான். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் வாய்க்கால் தண்ணீர் என்று கணக்கிட, தான் வேலை பார்க்கும் பாசனதாரர் சங்கத்துக்குத் தியாகராசன் லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். பத்து ஹெக்டேருக்கு ஒரு மணி நேரம். நெடுங்காட்டு நிலம் இருநூறு ஹெக்டேர். இருபது மணி வரவேண்டும். வந்ததோ நாற்பத்தொன்பது. தண்ணீர் எட்டாமல் கடைமடை ஊர்களில் குறுவை நாற்று காய்ந்து போயிற்று. தியாகராசனின் சொந்த ஊர் நெடுங்காடு. வேறென்ன சாட்சி வேண்டும்? செயலாளர் கோவிந்தராசு அன்று மாலை நான்கு மணிக்கு அவனை வேலையை விட்டு நீக்கிப் போலீசுக்கும் எழுதப்போகிறார்.

"நான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணலீங்க டீச்சர். சொன்னா யாரும் நம்பல," என்றான்.

சங்க அலுவலகத்தில் பாட்சா முதல் வேலையாகப் புரோகிராமைத் தொடக்கத்தில் எடுத்திருந்த அச்சுத்தாளோடு வரி வரியாக ஒப்பிட்டார். நெடுங்காட்டுக்குச் சலுகை காட்டும் கள்ள வரி ஒன்று நடுவில் நுழைந்திருக்கும் என்று அடித்துச் சொன்னார். ஒரு புள்ளிகூட மாறவில்லை. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

சௌந்தரவல்லி தம் கைப்பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். அதில் பிழை தேடும் கருவியான டீபக்கர் இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் புரோகிராம் சொன்ன இடத்தில் நிற்கும். எழுதிய வரியையே காட்டும். அந்த நொடியில் எந்தப் பெயருக்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லும்.

"இவன் எழுதியிருக்கிற ஃபங்ஷனுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தா எப்பவும் ஒரே விடைதான் பாட்சா. அது ஆள் பார்க்காது, ஊர் பார்க்காது," என்றார் அவர்.

ஒவ்வோர் ஊர் வரும்போதும் நிற்கும்படி கட்டளை கொடுத்தார். முதல் ஊரில் நின்றது. பரப்பு என்ன என்று தட்டினார், 180. ஓர் அடி நகர்த்தினார், விடை 18. அடுத்த ஊர் 150; விடை 15. பாட்சா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். மூன்றாவது ஊர் நெடுங்காடு. திரையில் வந்த எண் 494.2.

பாட்சா துள்ளி எழுந்து கால்குலேட்டரைத் தட்டினார். இருநூறால் வகுத்தால் 2.471. ஒரு ஹெக்டேருக்கு அத்தனை ஏக்கர். எல்லாரும் புரோகிராமையே குடைந்துகொண்டிருக்க, உள்ளே போன எண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. அவருக்கு அங்கேயே கூத்தாட வேண்டும் போலிருந்தது. ஆனால் அதை உள்ளே போட்டது யார்? ஊர்ப் பரப்புகளைத் தியாகராசன், தட்டச்சர் ஆஸியா பீவி, செயலாளர் மூவரும் மாறி மாறி அடித்திருந்தார்கள். யார் எந்த வரியை அடித்தார்கள் என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை.

நான்கு மணிக்கு மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். சௌந்தரவல்லி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: உங்கள் குடும்பத்துக்கு நிலம் எவ்வளவு?

பத்திரத்தில் முப்பது ஆர் இருக்கிறது என்றார் ஆஸியா பீவி. நூறு ஆர் ஒரு ஹெக்டேர். ஒன்பது மா என்றான் தியாகராசன். பத்திரப்படி ஒரு ஹெக்டேர் இருபது ஆர் என்றும் சேர்த்துக்கொண்டான். கோவிந்தராசு அலுப்போடு, "மாயவரத்துப் பக்கம் நாலரை ஏக்கர். அதுக்கென்ன இப்ப?" என்றார்.

"காரைக்கால் பத்திரம் பிரெஞ்சுக்காரன் காலத்துலேருந்து ஹெக்டேரும் ஆரும்தான் சார். வாய்ப்பேச்சுன்னா மா. எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுலேருந்து வந்தவங்களுக்குத்தான் ஏக்கர் வாயில வருது. நெடுங்காட்டு வரியில மட்டும் ஏக்கர் கணக்கு இருக்கு," என்று சொல்லித் திரையைக் காட்டினார் சௌந்தரவல்லி.

கோவிந்தராசு அந்த எண்ணையே வெறித்துப் பார்த்தார்.

"அவன் சொந்த ஊர்க் கணக்கு அவன் கையில வேணாம்னு நான்தான் அதை வாங்கி அடிச்சேன்," என்றார் கடைசியில். "ஏக்கர்ல போட்டாத்தான் எனக்கு மனசுல நிக்கும். மாத்திப் போட்டேன். நியாயமா இருக்கட்டும்னுதான் செஞ்சேன்."

நீக்க உத்தரவை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார். "நீயே திருத்துப்பா. உன் ஊருதான்."

தியாகராசன் 200 என்று அடித்தான். திரையில் 20 வந்தது. நெடுங்காட்டுக்கு வந்துகொண்டிருந்த இருபத்தொன்பது மணி நேரத் தண்ணீரைத் தன் கையாலேயே வெட்டிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போகலாமா, ஊரார் சும்மா விடுவார்களா என்று அவன் பாட்சாவைக் கேட்டான். பாட்சா தன் ஸ்கூட்டரில் கூடவே வருவதாகச் சொன்னார்.