நன்னிலம் ரோட்டில் கொதித்த கார்

பலியானது ஒரு வெள்ளைக் கார். 1999, பங்குனி மாதத்து ஞாயிறு. காலைப் பூசை முடிந்து திரும்புகையில், நன்னிலத்தைத் தாண்டியதும் நீராவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ரோட்டை அடைத்து உளுந்துச் செடி காய்ந்துகொண்டிருந்த இடம். ஒதுங்கி நிற்கக்கூட நிழல் இல்லை. டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் போட்டார்கள். ஒரே வாரத்தில் இது மூன்றாவது முறை.

போலீஸ் வருவதற்குள் ரெமிஜியஸ் குற்றவாளியைப் பிடித்துவிட்டான். மஸ்கட்டிலிருந்து இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தவன். செவ்வாய்க்கிழமை திருச்சியில் விமானம் ஏற வேண்டும்.

"ரேடியேட்டர்ல பாதித் தண்ணிகூட இல்ல பிரின்ஸி. பாய் ஊத்துறதே இல்ல. போறதுக்குள்ள அவரை நிப்பாட்டிட்டு, வண்டியையும் வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுடப் போறேன்."

பிரின்ஸி அவனுடைய தங்கை. மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டு. பாய் என்றால் டிரைவர் ஹாஜா மைதீன். போன மழையில், வெள்ளம் ரோட்டை அறுத்துக்கொண்டு போன நாளில், மூச்சுத் திணறிய அம்மா அமலோற்பவத்தை எங்கெங்கோ சுற்றித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அந்த நன்றி பிரின்ஸிக்கு மலையளவு இருந்தது. ஆனால் நன்றியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாதே! வண்டியைக் கெடுத்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால், ஐம்பது வயதுக்காரரை நம்பி இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் சாவி கொடுப்பார்கள்?

"எஞ்சின் ஆறட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் மூடியத் தொடக்கூடாது. சாயங்காலம் விசாரணை," என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினாள். காருக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து, எஞ்சினை ஓடவிட்டாள். தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாள். தண்ணீர் கலந்து வெளுக்கவில்லை. சூடேறியதும் ஃபேன் தானே சுழன்றது. ரேடியேட்டர், எஞ்சின், ஃபேன், மூன்று பேரும் நிரபராதிகள்.

அடுத்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குழாய்களைத் தொட்டாள். ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாய் சுட்டது. திரும்பி வரும் கீழ்க் குழாயும் அதே அளவு சுட்டது.

"தண்ணி கொறஞ்சதால கொதிக்கல அண்ணே. கொதிச்சதாலதான் தண்ணி கொறஞ்சிருக்கு. சுத்தி வர்ற தண்ணி சூடு ஆறாமலே திரும்புது, பாரு."

ரெமிஜியஸ் நம்பாமல் பார்த்தான். அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"பாய், எப்போலேருந்து இப்படி?"

"போன புதன்லேருந்து, ஏட்டம்மா."

"ஏசி?"

"அதுவும் அன்னிலேருந்து சரியாக் குளிரல."

"வண்டிய யாரு கழுவுறது?"

"நான் வாளித் தண்ணியில தொடைப்பேன். தம்பி வந்ததுலேருந்து அவங்களே கழுவுறாங்க."

"பம்ப்செட்ல ஓஸ் மாட்டி நானே பீய்ச்சி அடிக்கிறேன்," என்றான் ரெமிஜியஸ் பெருமையாக. "முன்னாடி பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு!"

"அதுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, வண்டிய எங்க எடுத்துட்டுப் போனீங்க, பாய்?"

ஹாஜா மைதீன் தரையைப் பார்த்தார். "அன்னைக்கு நான் ஓட்டலம்மா." சொல்லிவிட்டு, விரித்திருந்த செய்தித்தாளைச் சரிசெய்யக் குனிந்தார்.

பிரின்ஸி தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். அடுப்படியில் அம்மா புது உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதும்மா இது? நாம இந்த வருஷம் உளுந்தே தெளிக்கலையே."

"பின்தெரு பிரகதாம்பாள் குடுத்துவிட்டா. ஒங்க அண்ணன் ஏதோ ஒத்தாசை பண்ணினானாம்."

பிரின்ஸி தண்ணீரை மறந்து வாசலுக்கு ஓடினாள். ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு தாளைக் கிழித்து காரின் முன்பக்கக் கம்பிகளில் வைத்தாள். ஃபேன் இழுக்கிற காற்றில் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை, நழுவித் தரையில் விழுந்தது. எஞ்சினை அணைத்தாள், பேட்டரி வயரைக் கழற்றினாள், ரேடியேட்டரின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்தாள். முன்பக்கம் துளி வெளிச்சம் தெரியவில்லை.

"குற்றவாளி கெடச்சாச்சு. நீதான் அண்ணே."

"நானா?"

"போன செவ்வாய்க்கிழமை பிரகதாம்பாள் அக்கா ரோட்டுல பரப்பின உளுந்துச் செடி மேல வண்டிய ஏத்திக் குடுத்தியா இல்லையா?"

"கூப்பிட்டாங்க... நெத்து ஒடைஞ்சு உளுந்து உதிரணும்னு முன்னும் பின்னுமா நாலஞ்சு தடவை ஓட்டினேன். ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே?"

"செய்யலாம். ஆனா அந்தத் தோலும் சருகும் முன்னாடி வந்து அப்பிக்கும். நீ ஓஸை வச்சுப் பீய்ச்சி அத்தனையும் உள்ள தள்ளிட்ட. ஏசித் தகட்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. அங்க போய் அடைச்சுக்கிச்சு. முன்னாடி பார்த்தாலும் சுத்தம், பின்னாடி பார்த்தாலும் சுத்தம். காத்து எப்படிப் போகும்?"

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, அந்தச் சந்தில் விட்டு நெம்பினாள். கம்பளித் துண்டு போல, காய்ந்து இறுகிய உளுந்துச் சருகு பிய்ந்து பிய்ந்து வந்தது.

ரெமிஜியஸின் முகம் சிறுத்துவிட்டது. "நான் ஓட்டினது ஒங்களுக்குத் தெரியும்ல? ஏன் பாய் சொல்லல?"

"இதனாலதான் கொதிக்குதுன்னு எனக்கும் தெரியாது தம்பி. தெரிஞ்சாலும்... அந்த அம்மா தனியா கெடந்து அல்லாடுது. நீங்க வண்டி அழுக்காவும்னு பார்க்காம ஏத்திக் குடுத்தீங்க. நல்லது பண்ணினத எப்படிங்க புகாராச் சொல்றது?"

பிரின்ஸிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனிதர் கையில் அம்மாவை விட்டுவைத்திருக்கிறோமே என்று அவள் மனம் நிறைந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னது. அண்ணன் இரண்டு எட்டு வைத்து பாயின் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"தப்புப் பண்ணிட்டேன் பாய். மன்னிச்சிடுங்க."

"அட விடுங்க தம்பி. செவ்வாய்க்கிழமை ஏர்போர்ட்டுக்கு எப்போ கெளம்பணும்? அதைச் சொல்லுங்க."

ரெமிஜியஸ் கார் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"நீங்க எப்போ சொல்றீங்களோ, அப்போ."