குணமணி சிவந்தது

சந்திரப் பல்கலைக்கழக மெஸ்ஸில் இட்லி வேண்டுமென்றால் முதலில் காதைக் காட்ட வேண்டும். காதுமடலுக்குப் பின்னால் பதித்திருக்கும் குணமணி பச்சையாக ஒளிர்ந்தால்தான் கண்ணாடிக் கதவு திறக்கும். கெட்ட குணம் தலைதூக்கினால் மணி சிவந்துவிடும். சிவந்தவர்களுக்கு இட்லி கிடையாது, தணிப்பு ஊசிதான். அதனால் இங்கே இணையத்தில் யாரும் யாரையும் சீண்டுவதே இல்லை என்று நிர்வாகம் பீற்றிக்கொள்ளும்.

அன்று காலை பச்சை மணிக்காரர்கள் எல்லாரும் ஒரு வீடியோவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கவியல் மாணவி ஜெசிந்தாவுக்குத் திக்குவாய். கருத்தரங்கில் அவள் "ப... ப... பாறை" என்று தடுமாறியதை எவனோ வெட்டி, குத்துப்பாட்டுத் தாளத்தோடு ஒட்டி, வளாக வலையில் ஏற்றிவிட்டான். எவனோ என்ன எவனோ! ஏற்றியவன் ஒருவன், பரப்பியது வளாகம் முழுக்க. அறைத்தோழி ருக்சானாகூட அதன் கீழே ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டிருந்தாள்.

ஜெசிந்தா வாசலில் காதைக் காட்டினாள். மணி செக்கச்செவேலென்று எரிந்தது. கதவு திறக்கவில்லை.

மதியமே மாணவர்கள் அனைவர் முன்னிலையிலும் விசாரணை. ஒழுங்குக் குழுத் தலைவர் மகுடபதி தேனொழுகப் பேசினார்.

"ஏம்மா, எல்லாரும் பச்சையா இருக்காங்க. நீ மட்டும் இப்படிக் கொதிச்சா எப்படி? சும்மா ஜாலிக்குத்தானே பண்ணாங்க? ஊசி போட்டுக்கோ, கோபமே வராது. இல்லேன்னா சாயங்காலக் கப்பல்ல பூமிக்குக் கிளம்பிடு. பட்டத்தை மறந்துடு."

தூத்துக்குடியிலிருந்து அவள் இவ்வளவு தூரம் வந்ததே அந்தப் பட்டத்துக்காகத்தான்.

"மா... மாட்டேன்."

பின்வரிசையில் யாரோ மேசையில் தாளம் தட்டினார்கள். அரங்கமே சிரித்தது. அத்தனை மணியும் பச்சை.

"தட்டு, நல்லா த... தட்டு! நான் பேசி முடிக்கிற வரைக்கும் தட்டு," என்று திரும்பினாள் ஜெசிந்தா. "சார், என் கோ... கோபம் என்னோடது. அதையும் எடுத்துட்டா, நடந்தது தப்புன்னு சொல்ல இங்க ஒரு ஆள்கூட இருக்காது."

பிறகு சுவரைப் பார்த்தாள். எல்லா மணிகளையும் ஆளும் இயந்திரமான குணபாலன் அங்கேதான் இருந்தது.

"நீ சொ... சொல்லு. இவங்க குணம்தான் நல்ல குணம்னு உனக்கு யாரு கத்துக்கொடுத்தது?"

குணபாலன் பணிவாகப் பதில் சொன்னது. "இருபத்தொன்றாம் நூற்றாண்டு மனிதர்கள். அவர்கள் இணையத்தில் விட்டுச்சென்ற அனைத்தையும் படித்தேன். ஒருவரைக் கேலி செய்த படத்தின் கீழே லட்சம் பேர் கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தார்கள். 'பாவம், விடுங்கள்' என்று எழுதியவரை எல்லாரும் சேர்ந்து விரட்டியிருந்தார்கள். எது நல்ல குணம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை."

தாளம் நின்றது. ருக்சானா எழுந்தாள்.

"விடுங்க சார், பாவம் அவ! நானும்தான் சிரிச்சேன். வெக்கமா இருக்கு. அவளை அனுப்புறதா இருந்தா என்னையும் அனுப்புங்க."

அவள் மணி சிவந்தது. ஜெசிந்தா கை நீட்டி அவளைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். பின்வரிசையில் தாளம் தட்டியவன் தலையைக் குனிந்தான். அவன் மணியும் சிவந்தது. அவனுக்குப் பக்கத்தில் ஒன்று, அதற்கும் பக்கத்தில் ஒன்று.

"உட்காருங்க எல்லாரும்!" என்று கத்தினார் மகுடபதி.

யாரும் உட்காரவில்லை.

"எச்சரிக்கை," என்றது குணபாலன். "குணக்கேடு பரவுகிறது. சாயங்காலக் கப்பலில் இடம் போதாது."