பின்சீட்டின் பாரம்

அன்று பட்டறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: பட்டறைக்காரரான அண்ணன், அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்த தம்பி, அண்ணி. ஷட்டரை உள்ளிருந்து இறக்கியிருந்தார்கள். நான்காவதாக உயிரோடு எவரும் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அம்மா இறந்த நாளிலிருந்து, ஒரு வருடமாக, குடும்பத்தின் பழைய கார் இடது பின்பக்கம் சாய்ந்தே நின்றது. ஊரார் வண்டிகளையெல்லாம் நிமிர்த்துகிறவர் சொந்த வண்டியைத் தொடவில்லை. அம்மா எப்போதும் அந்தப் பக்கம் உட்கார்ந்து போவதைப் பார்த்திருந்த எதிர்க்கடைக்காரன், "கெழவி இன்னும் எறங்கலையா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டான். அன்றே அண்ணன் வண்டியின் பாரம் தாங்கும் புதுப் பட்டை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் முனைகளில் செருகும் ரப்பர் புஷ் எல்லாம் வாங்கிவிட்டார். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அம்மா வீட்டில், கட்டிலில், உறக்கத்திலேயே போனாள் என்றுதான் உறவுக்குச் சொல்லியிருந்தார்கள். நடந்தது தம்பிக்குத் தெரியும். அம்மாவுக்கு மாதம் ஒரு மகன் வீடு என்பது ஏற்பாடு. தன் மாதம் முடிந்த இரவு அண்ணன் அவளைப் பின்சீட்டில் இடப்பக்கம் உட்காரவைத்துத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தம்பி கதவைத் திறக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றான். அண்ணனும் விட்டுக்கொடுக்கவில்லை. அவளோடு காரை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார். யார் பிடிவாதம் பெரிது, பார்த்துவிடலாம் என்ற வீம்பு. விடிந்து பார்த்தபோது அவள் உட்கார்ந்த நிலையில் விறைத்திருந்தாள். கதவுக் கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

இப்போது பட்டறையில் கழற்றிப் போட்ட பழைய பட்டை நடுவில் முறிந்து கிடந்தது. புஷ் ரப்பர் பொடியாக உதிர்ந்தது. சாய்வுக்குக் காரணம் கண்ணெதிரே கிடந்ததில் தம்பிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"வெறும் இரும்புடா. நீ என்னவோ பேயடிச்ச மாதிரி நிக்கிற" என்று அண்ணன் சிரித்தார்.

மதியத்துக்குள் புதியவை ஏறிவிட்டன. கார் நிமிர்ந்தது. புஷ் போல்ட்டை மட்டும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக்கூடாது, இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். சக்கரம் ஊன்றி, சீட்டில் ஆள் உட்கார்ந்த பிறகே கடைசிச் சுற்று என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். பின்சக்கரங்களை மரக்கட்டைகள் மேல் ஏற்றிவிட்டு அண்ணன் அடியில் மல்லாந்து நுழைந்தார். தம்பியை ஏறி உட்காரச் சொன்னார்.

அவன் வலப்பக்கம் உட்கார்ந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"எதுக்குடா இடப்பக்கம் நகர்ற?" அடியிலிருந்து அண்ணன் கேட்டார்.

தம்பி நகரவில்லை.

பக்கத்தில் சீட் மெல்ல அமுங்கியது.

தலைவலித் தைலமும் துணியில் காய்ந்த சிறுநீரும் கலந்த வாடை எழுந்தது.

"அண்ணே, வெளிய வந்துடு."

"போல்ட்டு பாதில நிக்குது. ஆடாம உக்காரு."

புது ஸ்பிரிங் முனகியது. மறுபடி முனகியது. அடியில் ஸ்பானர் நழுவி விழுந்தது.

"எறங்குடா... நெஞ்ச அழுத்துது."

தம்பி கைப்பிடியைப் பற்றினான். அவன் கைமேல் எலும்பும் தோலுமான ஒரு கை வந்து படிந்தது. காதருகே கோபமே இல்லாத குரல்.

"நீதான் கதவத் தொறக்க மாட்டியேப்பா."

அண்ணி ஜாக்கியை இழுத்துவந்து முட்டுக்கொடுத்து அடித்தாள். ஜாக்கிக் கம்பி வளைந்ததே தவிர வண்டி எழும்பவில்லை. அது அவசரமும் படவில்லை. ஒரு கிழவி வசதியாகச் சாய்ந்து உட்கார எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாளோ, அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு இறங்கியது. அண்ணன் முதலில் தம்பியைத் திட்டினார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டார். கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டார்.

அடியில் சத்தம் நின்ற பிறகு கதவு தானாகத் திறந்து தம்பியை வெளியே விட்டது.

அண்ணன் மாரடைப்பில் போனதாக உறவுக்குச் சொல்லியாயிற்று. பட்டறை பூட்டிக் கிடக்கிறது. கார் உள்ளே நிற்கிறது. ஷட்டர் இடுக்கு வழியாகப் பார்த்தவர்கள், வண்டி இப்போது சாய்வில்லாமல் நிற்கிறது, கிழவி ஒருவழியாக இறங்கிப் போய்விட்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

அது தவறு. சாய்வில்லை என்பது உண்மை. அவளுக்குப் பக்கத்தில் அண்ணனும் ஏறி உட்கார்ந்ததுபோல், வலப்பக்கமும் அதே அளவு அமுங்கியிருக்கிறது.