மூத்தவளுக்கு ஒரு கவளம்

கொளுத்துகிற வெயிலில் கல் பெஞ்சு காய்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் ஈரம். நாகம்மை முந்தானையால் துடைத்தாள். கையை எடுப்பதற்குள் மறுபடி கசிந்தது. நிழலில் உலராமல் கிடந்த சேலையின் முடை போல அடித்தது, அதனடியில் யாரோ தேய்த்துக் குளித்த கஸ்தூரி மஞ்சள் வாசம்.

"இஞ்ச பாருங்க, யாரோ இப்பந்தான் குளிச்சிட்டு வந்து இருந்துட்டுப் போயிருக்கா."

"கடக்கரையில ஈரம் இல்லாம பின்ன புழுதியா பறக்கும்? பேசாம இரிட்டி," என்றான் அவள் புருஷன் பகவதியப்பன்.

தக்கலைக் கச்சேரியில் குமாஸ்தாவான அவனுக்கு ஒழிவு கிடைப்பதே பெரும்பாடு. கல்யாணமாகி ஆண்டு திரும்பப் போகிற சமயத்தில், இன்றைக்குத்தான் அவளை மோட்டார் பஸ்ஸில் ஏற்றிக் குமரிக்குக் கூட்டி வந்திருக்கிறான். கடலைப் பார்த்த அந்தப் பூங்காவில் ஈ காக்கை கிடையாது. நாகம்மைக்கு வேண்டியதெல்லாம் இதுதான்: ஒரே ஒரு நாளாவது அவனுக்கு ஒரே பெண்டாட்டியாக இருக்க வேண்டும்.

வீட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. மூத்தவள் தாணம்மாள் இதே குமரிக் கடலில் குளிக்க இறங்கித் திரும்பாமல் போனவள். இரண்டாந்தாரமாக வந்த நாகம்மையின் தாலிக்கயிற்றில் அவள் பேருக்கும் ஒரு பொன் பொட்டு தொங்கியது. எதைத் தின்றாலும் முதல் கவளம் அவளுக்கு எடுத்து வைத்த பிறகுதான் இவள் வாயில் வைக்கலாம். சனியன், செத்தும் பந்தியில் முந்துகிறாளே என்று நாகம்மைக்கு வயிறெரியாத நாளில்லை.

ஈரத்தை நடுவில் விட்டு இருவரும் இரு பக்கமாக உட்கார்ந்தார்கள். புளிச்சோற்றுப் பொதியை அவிழ்த்து, வழக்கம்போல முதல் கவளத்தை உருட்டினாள். அவன் அவள் கையைப் பிடித்தான்.

"இன்னைக்கு அவளுக்கு வைக்கண்டாம். நாம ரெண்டு பேரு மட்டும்."

அடேயப்பா, இந்தச் சொல்லுக்கு எத்தனை நாள் ஏங்கியிருந்தாள்! கவளத்தை அப்படியே தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

கடல் இரைச்சல் சட்டென்று நின்றது. காற்றாடி மரங்கள் மட்டும் ஊளையிட்டுக்கொண்டிருக்க, வாயிலிருந்த சோறு நறநறவென்று மணலாகி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் திணற, நடுவிலிருந்த ஈரம் மெல்ல ஊர்ந்து வந்து அவள் தொடையில் ஏறி இடுப்பு வரை நனைத்தது. பகவதியப்பன் பேசிக்கொண்டே இருந்தான். சிரித்தான். அவளைப் பார்த்து அல்ல. நடுவிலிருந்த ஈரத்தைப் பார்த்து.

"இஞ்ச பாருங்க" என்று கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தண்ணீர் வந்தது. உப்புத் தண்ணீர்.

பூங்கா வாசலில் பஸ்ஸின் ஹாரன் சத்தம்.

"எந்திரிட்டி, போவோம்." கையை நீட்டினான். நாகம்மையும் நீட்டினாள். அவன் கை அவள் பக்கம் வரவேயில்லை.

நடுவிலிருந்து ஒருத்தி எழுந்தாள். நாகம்மையின் பச்சைச் சேலை. நாகம்மையின் மூக்குத்தி. நாகம்மையின் முகம். கழுத்தில் தாலி, பக்கத்தில் பொன் பொட்டு.

நாகம்மை தன் கழுத்தைத் தடவினாள். வெறும் கழுத்து. ஈரம்.

எழுந்தவள் குனிந்தாள். மிச்சச் சோற்றில் ஒரு கவளம் உருட்டி, நாகம்மையின் முன்னால் வைத்தாள்.

"வைக்கண்டாம்னு சொன்னேம்லா?" என்றான் பகவதியப்பன்.

"பாவம், மூத்தவ. பசிச்சிக் கெடப்பா." நாகம்மையின் குரலேதான்.

இரண்டு பேர் மட்டும் நடந்து போனார்கள். பஸ் புறப்பட்டது.

பெஞ்சில் கவளம் இருந்தது. நாகம்மைக்குப் பசித்தது.