உட்பக்கத்து முகம்

அந்த முகமூடியின் வெளிப்பக்கத்தைவிட உட்பக்கம் நன்றாகச் செய்யப்பட்டிருந்தது. கைலாசநாதனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வெளியே பார்த்தால் சினிமாச் சாமான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். தங்கப் பெயின்ட், கண்ணாடிக் கல் வைத்த நெற்றிச்சுட்டி, லேசாகக் கோணிய மூக்கு. ஏதோ ஒரு ராஜா ராணிப் படத்தில் செத்துப்போன ராணியின் முகத்தை மூடும் தங்கக் கவசத்தின் நகல். படம் வந்தபோது மதுரையில் ஒரு தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததாம். இப்போது அது முத்துக்கருப்பனிடம் வந்திருந்தது. நாகமலைக்கு மேற்கே தோப்பும் வயலும் வைத்திருந்த அவனுக்குச் சினிமாச் சாமான் சேர்ப்பதில் ஒரு பைத்தியம். அட்டைக் கிரீடமும் மரக்கத்தியுமாக வீட்டை நிறைத்திருந்தான். கைலாசநாதன் கோச்சடையில் பல் செட் செய்பவர். பிளாஸ்டர், மெழுகு, அரக்கு எல்லாம் அவருக்கு அத்துப்படி என்பதால் அவரிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"யாரு செஞ்சது, எதுல செஞ்சது, இம்புட்டுத்தாண்ணே எனக்குத் தெரியணும். பைய பாருங்க, அவசரமில்ல."

அவருக்கு மட்டும் என்ன அவசரம்? மனைவி ஸ்யாமளா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. பல் அளவு கொடுக்க வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பேச மாட்டார்கள். மழைக்காலத்தில் அவர்களும் வருவதில்லை. சில நாள் காலையில் பால்காரியிடம் பேச வாயெடுக்கும்போது குரல் கரகரவென்று வரும். முந்தின நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

அந்த ஐப்பசியில் வைகை ஓரத்து ஈரம் சுவரெல்லாம் ஏறிச் சுண்ணாம்பு வாடை அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், முகமூடியின் விளிம்பை நனைத்துச் சுரண்டிப் பார்த்தார். தங்கப் பெயின்ட்டுக்கு அடியில் செங்காவி. அதற்கடியில் சுண்ணாம்புப் பூச்சு. அதற்கும் அடியில் ஏழெட்டு அடுக்குச் செய்தித்தாள். பசையை மோந்து பார்த்தார்; புளியங்கொட்டையைக் காய்ச்சி எடுத்தது. உட்பக்கம் மெல்லிய மல் துணி ஒட்டி வார்னிஷ் அடித்திருந்தது. மோவாய்க்கு உள்ளே செய்தவனின் கட்டைவிரல் ரேகை, குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்போடு பதிந்திருந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் எழுத முடியவில்லை. அந்தத் துணியில் தோலின் நுண்துளைகள் தெரிந்தன. இமைமயிர்கள் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தன. ஒட்டிய துணியில் அப்படிப் பதியாது.

அச்சு எடுத்தே பழகிய கைக்குக் குழியைப் பார்த்தால் நிரப்பத் தோன்றும். உள்ளே எண்ணெய் தடவி, பிளாஸ்டர் குழைத்து ஊற்றினார்.

வந்தது ஒரு பெண்ணின் முகம். ராணியின் சாயலே இல்லை. முப்பது வயதிருக்கலாம். கண்ணும் வாயும் மூடியிருந்தன. அவருக்குத் தெரிந்த முகமில்லை. இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தும் அந்தக் கன்னத்தில் வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை. இன்னொரு உடம்பின் சூட்டைத் தொட்டு எத்தனை நாளாயிற்று?

"யாரும்மா நீ?" என்று கேட்டுவிட்டுத் தன் குரலுக்கே கூசினார்.

மறுநாள் காலையில் தொட்டபோது கன்னம் சூடாகவே இருந்தது. அரைமணி நேரத்தில் ஆறிவிட வேண்டிய பிளாஸ்டர். ஜன்னல் வெயிலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

மூக்கு நுனியில் ஒரு குமிழி விழுந்திருந்தது. அந்தச் சாக்கில் மறுபடி ஒருமுறை ஊற்றி எடுத்தார்.

இந்த முகத்தில் உதடுகள் பிரிந்திருந்தன. ஒரு நெல் அளவுக்கு. இடுக்கில் இரண்டு முன்பற்களின் நுனி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் முகத்தில் வாய் இறுக்க மூடியிருந்தது. கண் ஏமாற்றலாம்; பல்லில் அவர் ஏமாற மாட்டார். அச்சு ஒன்றுதான். முகம் இரண்டு. இரண்டையும் மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவைத்தார். ஆனால் அந்தப் பயத்துக்கும் முன்னால் இன்னொன்று வந்திருந்தது: கேட்டதற்குப் பதில் சொல்ல வருகிறாளோ என்ற ஆசை. அதை நினைத்துத்தான் அவர் அதிகம் பயந்தார்.

சாயங்காலம் முத்துக்கருப்பன் வந்தபோது இரண்டு முகங்களையும் துணி போட்டு மூடிவைத்தார். கட்டைவிரல் தழும்பை மட்டும் சொன்னார்.

"அட, நாகமலை புதுக்கோட்டைக் கண்ணுச்சாமிண்ணே அது! அவருக்குத்தான் கட்டைவிரல்ல அப்படி ஒரு வெட்டு. தியேட்டர் அலங்காரமெல்லாம் அவருதான் செய்வாரு. இன்னும் இருக்காரு, போய்ப் பாருங்க."

மறுநாள் மத்தியானம் முகமூடியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கண்ணுச்சாமிக்கு எழுபதுக்கு மேல். வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தவர் முகமூடியை வாங்கி, மோவாயில் இருந்த ரேகைமேல் தன் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். தழும்போடு தழும்பு பொருந்தியது.

"நான் செஞ்சதுதான் தம்பி. அறுவத்தி நாலுல. களிமண்ணுல ராணி மூஞ்சியப் பிடிச்சு, மேல தாளு ஒட்டுனேன்."

"உள்ளே இருக்கிற முகம் யாரோடது?"

"உள்ள ஏது மூஞ்சி? துணியக் குடுத்து வழுவழுன்னு மழுப்பிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்குற சாமானு, போட்டுக்கப்போறவுக யாரு?"

சொல்லிக்கொண்டே உள்ளே கைவிட்டார். விரல்கள் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றன. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன இது, வாய் இருக்குற எடத்துல முட்டிக்கிட்டு நிக்குது?"

கைலாசநாதனும் தொட்டுப் பார்த்தார். திறந்த வாயை நிரப்புகிற மேடு. நேற்று நெல் அளவு இருந்தது, இன்று பெருவிரல் கனம். வெதுவெதுவென்று இருந்தது.

"எடுத்துட்டுப் போயிருங்க தம்பி," என்றார் கண்ணுச்சாமி. எழுந்து போய்ச் சாம்பலை அள்ளிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வரவில்லை.

பஸ்ஸில் பை மடியில் இருந்தது. வேஷ்டியைத் தாண்டித் தொடையில் சூடு தெரிந்தது. யாரோ மடியில் தலைவைத்துப் படுத்திருப்பதைப் போல. கோச்சடையில் இறங்கும்போது அந்தச் சூடு இல்லை. பை கனமே இல்லாமல் ஆடியது.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் முகமூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே வழுவழுவென்று துணி. கண்ணுச்சாமி சொன்னது போலவே. இமை இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை.

வேலை அறைக்கு ஓடித் துணியை விலக்கினார். மேசைமேல் இரண்டு வெள்ளைக் கட்டிகள், கோழிமுட்டையைப் போல மொழுக்கென்று. தொட்டார். சில்லென்றிருந்தன.

நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பழைய அமைதி, தான் மட்டும் இருக்கும் வீட்டின் அமைதி, காதில் வந்து அடைத்தது.

"போயிட்டியா?" என்றார்.

சட்டையைக் கழற்றிக்கொண்டே படுக்கையறைக்குள் போனார். மழைவெளிச்சம் கட்டிலில் சாம்பலாகக் கிடந்தது. கட்டிலின் சுவர் ஓரத்தில் ஸ்யாமளாவின் தலையணை. அதை அவர் எடுக்கவே இல்லை.

தலையணையில் ஒரு பள்ளம்.

தலை வைத்த பள்ளம் இல்லை. குப்புற அழுத்திய முகம். நெற்றி. மூக்கு. மூடிய இமைகள். இமைமயிர் ஒவ்வொன்றாக.

இலவம்பஞ்சில் இதெல்லாம் பதியாது.

கையை மேலே நீட்டினார். தொடவில்லை. சூடு ஏறி வந்தது.

பஞ்சு நெரியும் சத்தம். மெல்ல. மிக மெல்ல. மூக்கின் குழி மேலெழும்பி மறைந்தது. அந்த இடத்தில் ஒரு கன்னம் அமுங்கியது. அவர் படுக்கும் பக்கம் திரும்பியிருந்தது. கீழே மெத்தை தாழ்ந்தது. தோள். பிறகு இடுப்பு. பிறகு முழங்கால், மடங்கி.

கட்டிலில் யாரும் இல்லை.

பக்கத்தில் அவருடைய தலையணை. அதன் உறையின் தளர்ந்த ஓரம், அந்த வாய்க்கு நேரே, மூச்சுக்கு மூச்சு எழுந்து எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது.