கப்டனுக்கு ஒரு காய்ந்த இடம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஜூலை குளிர்காலமாய் வருகிற அந்தத் தெற்கு நாட்டில் மழை விட்டபாடில்லை. ஒடாஹுஹு பஸ் தரிப்பிடத்தில் பிரியந்தி மடியில் மீன் அடைத்து வருகிற வெள்ளை றெஜிபோம் பெட்டியோடு இருந்தாள். பெட்டிக்குள் ஆமை. பெயர் கப்டன். நாலு நாளாகத் தலையை நீட்டவில்லை... இருக்கிறதோ போய்விட்டதோ என்று கேட்கத்தான் மிருக வைத்தியரிடம் புறப்பட்டிருந்தாள். பாழாய்ப்போன பஸ் வந்தால்தானே.

பக்கத்தில் இருந்தவன் இரண்டு தரம் பெட்டியை எட்டிப் பார்த்தான். மூன்றாம் தரம் கேட்காமல் கொள்ளாமல் கையை விட்டு ஆமையைத் தூக்கினான். “ஆர் இவன்...” என்று அவள் வாய்க்குள் முணுமுணுத்தது அவன் காதில் விழுந்துவிட்டது. ஓட்டைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினான். ஓடு உள்ளே அமுங்கியது. மோந்தும் பார்த்தான்.

“உயிர் இருக்குங்க,” என்றான் தமிழில். “ஆனா நீங்க இதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுக்கிட்டு இருக்கீங்க. மீனா போட்டீங்க?”

சுர்ரென்று ஏறியது அவளுக்கு. மன்னாரில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஆமைக்கு என்ன கொடுப்பதென்று இவன் படிப்பிக்கப் போகிறானாக்கும். கேட்டே விட்டாள். அது கடலாமை, இது தரையாமை, இலைதழை தின்கிற சீவன், தண்ணீருக்குள் போட்டு வைத்தால் அழுகித்தான் சாகும் என்றான் அவன். நீங்கள் ஆர் என்றால், வரதராஜன், மெட்ராஸில் மாட்டு டாக்டர், இங்கே கோழி ஃபேக்டரியில் கத்தி பிடிக்கிறேன் என்கிறான். அவன் படிப்பு இந்த ஊரில் செல்லாதாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், கண் மட்டும் சிரிக்கவில்லை. இமை முடியெல்லாம் மழைத்தண்ணீர்... அதைப்போய் பார்த்ததற்கு அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

வைத்தியர் ஆங்கிலத்தில் சொன்னதும் அதையேதான். கூடவே வந்திருந்த வரதராஜன் ‘பாத்தீங்களா’ என்று ஒரு சொல் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள் என்று விலாசம் எழுதிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பலகையும் ஆணியுமாக வந்து நின்றான். அகலமான பெட்டி. ஒரு மூலைக்கு மேலே சூட்டு விளக்கு, மறு மூலையில் குளிர்ச்சி. சூடு வேணுமா நிழல் வேணுமா என்று அதுவே நடந்து போய்த் தேடிக்கொள்ள வேண்டுமாம். கீழே காய்ந்த வைக்கோல், ஒரு தட்டையான தண்ணீர்ச் சட்டி. மீன், பாண், பால் மூச்சும் விடக்கூடாது. புல்லுக்குள் முளைக்கிற டான்டிலைன் இலை கொடுக்கலாம், செம்பருத்தி இலை கொடுக்கலாம்.

“செவ்வரத்தையோ?”

“அதாங்க. பேரு என்னவா இருந்தா அதுக்கென்ன, தின்னாப் போதும்.”

ஓடு இறுகக் கணவாய் ஓடு வைக்க வேண்டும் என்றான், பெட் கடையில் கிளிக்கு விற்பார்களே, அது. கணவாய் ஓடு என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கட கடலில இருந்து இதுக்கு ஆகிற சாமான் அது ஒண்டுதானோ என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வியில்தான் எல்லாம் கெட்டது. பின்வளவில் உடுப்புத் தோய்க்கிற கொட்டில், உடைந்த யன்னல், அங்கேதான் கப்டன் இவ்வளவு நாளும் கிடந்தது. வீட்டுக்குள் வைக்கலாமே என்று கேட்டான். வீடு முழுக்க ஈரம், சரிவராது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படியானால் மவுண்ட் ரோஸ்கில்லில் தன் வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்றான். போனார்கள்.

அவன் அம்மா தமயந்தி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள், வாசலில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டாள். புருஷனைப் பறிகொடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஆமையை உள்ளே விட்டு மிச்சமிருக்கிற ஒரு பிள்ளையையும் வாரிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டாள். வரதராஜன் வாதாடத் தொடங்கினான். பிரியந்தியோ வெளிறிப்போய், அம்மா சொல்வது சரி என்று பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டாள். ரோஷம் என்றுதான் அவன் நினைத்தான். ஒரு வாரம் ஃபோன் அடித்தான். எடுத்தால்தானே.

அடுத்த ஞாயிறு சேர்ச்சில் பூசை முடிந்து வந்தவள், கொட்டிலுக்குள் அவனைக் கண்டாள். உடைந்த யன்னலால் அடித்த சாரலில் நனைந்த ஆமையைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டு நின்றான்.

“வீட்டு ஜன்னல் வழியாப் பாத்தேன்,” என்றான். “உள்ள ஹீட்டர் எரியுது. சுவர் காய்ஞ்சு கிடக்கு. ஏங்க பொய் சொன்னீங்க?”

அவள் தோய்க்கிற தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி கிளின்ரன் இதை ஒரு வெள்ளைக்கார மனுசியிட்ட வாங்கிக் கொண்டுவந்தவன். இருபதாம் நாள் மோட்டர்வேயில அவன்ர காரில லொறி அடிச்சது, அந்த இடத்திலயே போயிட்டான். மன்னாரில இருந்து அம்மா ஃபோனில முதல் கேட்டது, ஆமையை வீட்டுக்குள்ள விட்டனீங்களோ எண்டுதான். நான் நம்பேல்லை எண்டு சொன்னனான்... அண்டைக்கே தூக்கி இந்தத் தொட்டியில நாலு விரல் தண்ணிக்குள்ள போட்டனான். ஓடு மெத்தெண்டு போறதைக் கண்டனான். சாகட்டும் எண்டு விட்டனான். கடைசியில தலையை நீட்டாமல் கிடக்கத்தான் பொறுக்கேல்லை. அவன்ர கப்டனெல்லோ...”

அழுதாள். அடக்கவும் இல்லை. அவன் கிட்ட வரவில்லை, ஆமையைத் துடைப்பதையும் நிறுத்தவில்லை.

“அப்பா செத்ததுக்கு எங்க அம்மா முதல்ல இந்த ஊரைக் குத்தம் சொன்னாங்க. அப்புறம் என்னைச் சொன்னாங்க,” என்றான். “உங்களுக்குக் குத்தம் சொல்ல இந்த ஆமை கிடைச்சிருக்கு.”

துடைத்து முடித்த ஆமையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“இன்னிக்கு இதை எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அம்மாகிட்டச் சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போய்ட்டாங்க. பரவால்ல. ஏதாவது ஆகணும்னா எனக்கு ஆகட்டும். ஒண்ணும் ஆகலைன்னு நீங்க தினம் வந்து பாக்கணும் பிரியந்தி... ஆமைக்காகச் சொல்லல. எனக்கு உங்களைப் பாக்கணும்.”

பிரியந்தி அவனையே பார்த்தாள். அந்தக் கண்... இவனுக்கும் ஒன்று நடந்தால்? மன்னாருக்கு இன்னொரு தரம் ஃபோன் எடுத்து என்னவென்று சொல்வாள்? நம்பவில்லை என்று இத்தனை நாள் சொன்னதும் இதே வாய்தான். கையை நீட்டி ஆமையை வாங்கினாள். கொட்டிலை விட்டு இறங்கி, சேற்றை மிதித்துக்கொண்டு போய், சமையலறைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். படியில் கால் கூசியது. ஏறிவிட்டாள். கிளின்ரனின் அறையில், யன்னலோரம், காய்ந்த தரையில் கப்டனை வைத்தாள்.

அவன் சூட்டு விளக்கோடு அறை வாசலில் வந்து நின்றான்.

“உங்களுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது,” என்றாள் நிமிராமலே. “நடக்கிறதெண்டால் எனக்கு நடக்கட்டும். நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் வந்து பாக்கவேணும்... நான் இருக்கிறனோ எண்டு.”

“வரேன்,” என்றான் வரதராஜன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, விளக்கை எங்கே மாட்டுவது என்று கேட்டான்.