சவப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு லாகின்

பிணம் எரிய மறுத்தது.

சரியாகச் சொன்னால், பிணத்துக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. உலைதான் மறுத்தது.

உலைக்காரர் பச்சைப் பொத்தானை அழுத்துவார். பெட்டி உள்ளே போகும். கதவு இறங்கும். ஸ்க்ரீனில் வெப்பக் கோடு மெல்ல ஏறும்...

பொசுக்கென்று ஸ்க்ரீன் காலியாகும். உலையை ஓட்டும் ப்ரோகிராம் செத்துப் போகும். அது செத்தால் எரிவாயு தானாக அடைபட்டுவிடும். கதவு மேலே ஏறும்.

பெட்டி போன மாதிரியே வெளியே வரும். ஒரு கீறல் இல்லாமல்.

காலையிலிருந்து இதே கூத்து.

உள்ளே படுத்திருந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்த உலையைத் தயாரிக்கும் கம்பெனியின் தலைமை இன்ஜினியர். அதை ஓட்டும் ப்ரோகிராமை எழுதியவர் என்று கம்பெனியே தலையில் வைத்துக் கொண்டாடிய மனிதர். நேற்று மாலை மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

“பெத்த பிள்ளை மாதிரி. சாருக்குக் கொள்ளி வைக்க அதுக்கு மனசு வரல,” என்றார் உலைக்காரர்.

கேட்டுக்கொண்டிருந்தவள் கம்பெனி அனுப்பிய பெண். செத்தவரின் கீழே வேலை பார்த்தவள். அவர் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஜூனியர்’தான். ஆபீஸ் முழுக்க அதுவே ஒட்டிக்கொண்டது.

“காலிப் பெட்டி வச்சுப் பார்த்தீங்களா அண்ணே?”

“நல்லா ஓடுச்சும்மா. காலைல வந்த மத்தவங்களை எல்லாம் அனுப்பி வச்சுட்டேன். சாரை வச்சா மட்டும் படுத்துக்குது.”

கதவை இடித்துத் திறந்துகொண்டு ஒருவன் வந்தான். செத்தவரின் மச்சினன். மனைவியின் தம்பி. முகத்தில் துக்கத்தைவிட அவசரம் தூக்கலாக இருந்தது.

“என்னங்க இது? ஒரு மனுஷனை எரிக்கத் துப்பில்லாத மெஷினை வச்சுக்கிட்டு... வேற இடத்துக்குக் கொண்டு போயிடவா?”

“அங்கயும் எங்க கம்பெனி உலைதான் சார். கொஞ்சம் பொறுங்க.”

“சீக்கிரம் பாருங்க. அக்கா ரொம்ப நேரம் தாங்க மாட்டாங்க.”

அவன் போனதும் ஜூனியர் லேப்டாப்பை உலையின் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். பொத்தானை அழுத்தச் சொன்னாள். பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

“இது தானா சாகல அண்ணே. யாரோ கொல்றாங்க.”

உலைக்காரர் பெட்டியைப் பார்த்தார். “டாக்டர் மாரடைப்புன்னாரே?”

“ப்ரோகிராமைச் சொல்றேன்.”

“அதை எப்படிக் கொல்றது?”

“என்னென்ன ப்ரோகிராம் ஓடுதுன்னு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்து வச்சிருக்கும். இன்னொரு ப்ரோகிராம் அந்த நம்பரைக் கண்டுபிடிச்சு, ‘கிளம்புப்பா’ன்னு சொல்லலாம். அது கையில இருக்கற வேலையை முடிச்சுட்டுக் கிளம்பும். அது மரியாதை. இன்னொரு வழி, சிஸ்டத்துக்கிட்டயே சொல்லி ஆளைத் தூக்கறது. மூச்சு விடக்கூட நேரம் கிடைக்காது.”

“இங்க?”

“தூக்கிட்டாங்க.”

எந்தப் புது ப்ரோகிராம் முளைத்தாலும், முளைக்க வைத்தது யார் என்று காட்டிக் கொடுக்கும்படி சின்னதாக ஒன்றை எழுதி ஓடவிட்டாள். உலைக்காரர் மீண்டும் பொத்தானை அழுத்தினார்.

ஸ்க்ரீன் காலி.

லேப்டாப்பில் ஒரே ஒரு வரி.

“ஒரு பொடிசு வருது. உலை ப்ரோகிராமோட கழுத்தைத் திருகுது. உடனே தானும் முடிஞ்சு போயிடுது.”

“யாரும்மா அனுப்பறது?”

அவள் அந்த வரியின் கடைசி வார்த்தையைப் படித்தாள். யாரோ வெளியிலிருந்து லாகின் செய்திருக்கிறார்கள். இப்போது. இந்த நிமிடம்.

“சார்தான்.”

“எந்த சார்?”

ஜூனியர் பெட்டியைக் காட்டினாள்.

உலைக்காரர் உட்கார நாற்காலி தேடினார். அதில் அவள் உட்கார்ந்திருந்ததால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பயப்படாதீங்க அண்ணே. பேய்க்கு பாஸ்வேர்டு தெரியலாம். ஆனா பேய் எதுக்கு வெளி ஹால் வைஃபையில வருது? நான் அங்க போய் உட்கார்றேன். கண்ணாடி வழியா கையைக் காட்டினதும் பொத்தானை அழுத்துங்க.”

ஹாலில் கூட்டம் கலைந்திருந்தது. மச்சினன் ஜன்னலோரம் நின்று யாரிடமோ போனில் சீறிக்கொண்டிருந்தான். மூலை நாற்காலியில் செத்தவரின் மனைவி. மடியில் ஒரு போன். அதையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

ஜூனியர் கையைக் காட்டினாள்.

மச்சினனின் விரல்கள் அசையவில்லை.

அழுதுகொண்டிருந்தவளின் கட்டைவிரல் அசைந்தது.

ஜூனியர் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மேடம்... ஏன் இப்படிப் பண்றீங்க?”

அவள் தலையைத் திருப்பவில்லை. கண்ணைத் துடைப்பது போலக் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனாள்.

“நேத்து என் தம்பி, இவன்தான், ஜூஸ் வாங்கிட்டு வந்தான்மா. நான் உள்ள போன் பேசிட்டு வர்றதுக்குள்ள அவர் சோபாவுல சாய்ஞ்சு கிடக்கறாரு. இவன் டம்ளரைக் கழுவிட்டு நிக்கறான். டாக்டரும் இவனோட கூட்டாளிதான். அப்பலேர்ந்து என்னைத் தனியா விடல. என் போனைப் பிடுங்கிட்டான். இது அவரோடது. போட்டோ பார்த்து அழறேன்னு விட்டு வச்சிருக்கான்.”

“உங்களுக்கு ப்ரோகிராம் எல்லாம்...?”

“நீங்க எல்லாரும் கும்பிடறீங்களே, அந்த உலை ப்ரோகிராம்... அதை எழுதினதே நான்தான். நான் எழுதுவேன். அவர் பேரைப் போட்டு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போவார்.”

ஏதாவது சந்தேகம் கேட்டால் அவர் ஏன் ‘நாளைக்குச் சொல்றேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது ஜூனியருக்கு இப்போதுதான் விளங்கியது.

“நான் போலீஸைக் கூப்பிடறேன். அதுவரைக்கும் எரிய விட்டுடாதீங்க மேடம்.”

எழுந்து வராந்தாவுக்குப் போனாள். போலீசுக்குப் பேசி முடித்துத் திரும்பியபோது...

மூலை நாற்காலியில் அந்தப் பெண் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

“போட்டோ பார்த்தது போதும்னு பிடுங்கிட்டான்மா. உள்ள போறான்... ஓடு.”

ஜூனியர் ஓடினாள்.

மச்சினன் உலைக்காரரைத் தள்ளிவிட்டு, தானே பச்சைப் பொத்தானை அழுத்தியிருந்தான். பெட்டி போய்விட்டது. கதவு இறங்கிவிட்டது. வெப்பக் கோடு ஏறியது. ப்ரோகிராமை யாரும் கொல்லவில்லை. கொல்லத் தெரிந்த போன் அவன் பாக்கெட்டில் இருந்தது.

“பாருங்க, இப்ப மட்டும் எப்படி ஓடுது? கை ராசி வேணுங்க,” என்றான்.

ஜூனியர் லேப்டாப் முன் குனிந்தாள். உலை ப்ரோகிராமின் நம்பரைப் பிடித்தாள். அதை முடிக்கும் உரிமையைச் சிஸ்டத்திடம் கேட்டு வாங்கினாள். ‘கிளம்புப்பா’ எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

தூக்கினாள்.

ஸ்க்ரீன் காலி. எரிவாயு அடைபட்டது. கதவு ஏறியது. பெட்டியின் ஒரு மூலை மட்டும் கருகிப் புகைந்தது.

“மறுபடியும் என்ன ஆச்சு?”

“தெரியல சார். கொஞ்சம் பிடிவாதக்கார மெஷின்.”

அவன் பார்வை லேப்டாப்புக்குப் போனது. அவள் விரல்களுக்குப் போனது. புரிந்துவிட்டது.

“நீதானா அது?”

அவள் கழுத்தை நோக்கிக் கை நீண்டது. நடுவில் ஒரு நீளமான இரும்புக் கம்பி குறுக்கே வந்தது. சாம்பல் வாரும் கம்பி. பிடித்திருந்தவர் உலைக்காரர்.

“உலை இன்னும் சூடாத்தான் இருக்கு தம்பி. உங்களுக்குன்னா தகராறு பண்ணாம ஓடும்னு நினைக்கறேன்.”

அவன் அசையவில்லை. வெளியே போலீஸ் வண்டி வந்து நிற்கும்வரை கம்பியும் அசையவில்லை.

பிரேதப் பரிசோதனை முடிவு வந்த பிறகு இன்ஸ்பெக்டர் செத்தவரின் மனைவியை ஸ்டேஷனுக்கு அழைத்தார். துணைக்கு ஜூனியரும் போனாள்.

“விஷம்தான்,” என்றார் இன்ஸ்பெக்டர். “உங்க தம்பி ஒத்துக்கிட்டான்.”

“அவர் மேல அவனுக்கு என்ன சார் கோபம்? அத்தான் அத்தான்னு உயிரா இருப்பானே.”

இன்ஸ்பெக்டர் தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

“கோபமே இல்லம்மா. அந்த விஷம் அவருக்கு வச்சதில்ல. உங்களுக்கு.”

அவள் கிளாஸைத் தொடவில்லை.

“ப்ரோகிராமை எழுதினது நான்தான்னு கம்பெனில சொல்லிடுவேன்னு வீட்ல சண்டை போட்டீங்களாமே? அவரை டைரக்டர் ஆக்கற நேரம். உங்க வீட்டுக்காரர்தான் தம்பியை ஏவி விட்டிருக்கார். தம்பிக்கும் அதே கம்பெனில பெரிய வேலை போட்டுத் தர்றதா பேச்சு. என்னைக்கு, எப்படின்னு மட்டும் அவர் கேட்டுக்கல. தெரிஞ்சா முகமே காட்டிக் கொடுத்துடுமாம்.”

ஜூனியர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்புறம் அவர் எப்படி சார்...?”

“தம்பி சமையலறைக்குப் போயிருக்கான். திரும்பி வர்றதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் தன் டம்ளரைக் காலி பண்ணிட்டு, உங்க டம்ளரையும் எடுத்துக் குடிச்சுட்டாரு.”

இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடினார்.

அவள் கண்ணைத் துடைத்தாள். கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

“இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல சார்,” என்றாள். “என்னோடதை எடுத்துத் தன்னோடது ஆக்கிக்கறது அவருக்குப் பழக்கம்தான்.”